பாறையில் நின்றவளும் என் ஒரு ஓட்டும்

முழுக்கக் கணினியில் செய்த அந்தப் படத்தில், பாறையின் மேல் ஒரு பெண் நிற்பதை முதலில் பார்த்தவன் நான்தான். படத்தை எடுத்தவர்களுக்கே அவள் அங்கே இருப்பது தெரியாது.

"நீங்க ஃபிலிம் காலத்து ஆளு சார். கேமராவே இல்லாத படத்த ஒளிப்பதிவு விருதுக்குச் சேக்கலாம்னு எப்டி ஓட்டுப் போட்டீங்க?" இப்போது தொழிலில் இருப்பவர்கள் போன் செய்து கேட்கிறார்கள். சிலருக்குக் கோபம்கூட இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் பாதிப் பாதியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

எனக்கு வீடு வடசேரியில். வேலை பார்த்ததெல்லாம் சென்னையில், ஒளிப்பதிவாளனாக. பெட்டி தூக்கியது, கறுப்புப் பைக்குள் கைகளை விட்டுத் தடவித் தடவி ஃபிலிம் மாற்றியது, நடிகரின் மூக்கு நுனியிலிருந்து லென்ஸ் வரை டேப் பிடித்தது எல்லாம் அந்தக் காலத்தில் எல்லாரும் பட்ட பாடுதான். பத்மநாபன் சாரிடம் உதவியாளனாகச் சேர்ந்த பிறகு நடந்தவற்றைச் சொன்னால் போதும்.

சார் ஒல்லியாக இருப்பார். சட்டையின் கை எப்போதும் மணிக்கட்டு வரை இறங்கியிருக்கும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் நடிகரை விலகி நிற்கச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் தானே போய் நிற்பார். கண்ணை மூடிக்கொண்டு முகத்தை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புவார். "இடது கன்னத்துல சூடு ஜாஸ்தி. அந்த லைட்டைக் கொஞ்சம் பின்னால தள்ளு" என்பார். வெளிச்சம் அளக்கிற மீட்டரை அதற்கப்புறம்தான் கையில் எடுப்பார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. ஏதாவது பிடிக்கவில்லையென்றால் லென்ஸின் மூடியை எடுத்து மூடிவிடுவார், அவ்வளவுதான். அந்த மூடியை அவர் திரும்ப எடுக்கும் வரை மொத்த செட்டும் மூச்சுவிடாமல் நிற்கும்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. கேமராவில் ஒரு கண்ணை வைத்தால் மறு கண்ணை மூடிக்கொள்வது எல்லாருக்கும் இயல்பு. சார் மூடமாட்டார். "ஒரு கண்ணு படத்துக்குள்ள இருக்கட்டும். படத்துக்குள்ள வரப்போறது யாருன்னு பாக்க இன்னொண்ணு வேணும்ல?" என்பார்.

தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் படப்பிடிப்பு நடந்தபோது ஒரு காட்சி வந்தது. வீட்டுக்காரர் இறந்து பதினாறாம் நாள். இறந்தவர் தன் வீட்டுக்குத் திரும்பி வந்து அறை அறையாக நடக்கிறார். அவர் பார்வையில் கேமரா போக வேண்டும். கேமராவைச் சார் பிடிப்பார் என்று நினைத்திருந்தேன். என் தோளில் வைத்துவிட்டார்.

அன்று காலையிலேயே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இன்னிக்கு ஷாட் முடியற வரைக்கும் உன்னை யாரும் பாக்க மாட்டாங்க, பேச மாட்டாங்க. எல்லார்ட்டயும் சொல்லியாச்சு."

விளையாட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன். முதலில் சிரிப்பாக இருந்தது. கூடவே வேலை பார்க்கிறவனிடம் டேப்பைக் கேட்டேன். அவன் என் தோளுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டு நின்றான். சாப்பாட்டுப் பந்தியில் இலை போட்டு வந்தவர் எனக்கு முன்னால் போடாமல் தாண்டிப் போனார். தண்ணீர் கேட்டேன். அவருடைய கண்கள் என்மேல் பட்டு, எதிலும் தடுக்காமல் பின்னால் இருந்த சுவருக்குப் போயின. இன்னொரு முறை சத்தமாகக் கேட்டேன். யாரும் திரும்பவில்லை. என் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டதோ என்று ஒரு கணம் நினைத்தேன். எழுந்து வெயிலில் போய் நின்று தரையில் நிழல் விழுகிறதா என்று பார்த்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. உங்களுக்கு நடந்திருந்தால் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

மதியம் ஷாட். "செத்தவன் மூச்சு விட மாட்டான்" என்று மட்டும் சார் சொன்னார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கூடத்தைக் கடந்து, அடுக்களையில் அம்மிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா வேடக்காரியின் முகத்துக்குக் கிட்டே போய் நின்றேன். அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. அரைத்துக்கொண்டே இருந்தார். திடீரென்று கை நின்றது, கண்ணிலிருந்து நீர் வடிந்தது. அப்படி ஒரு அழுகை கதையில் இல்லை. ஷாட் முடிந்த பிறகு, "பின்கழுத்துல காத்து பட்டுதே, ஊதுனியாப்பா?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் யாருமே இல்லை.

லேப்பில் கழுவி வந்த ஃபிலிமைப் போட்டுப் பார்த்தபோது படம் சீராக நடந்து வந்து, அந்த அம்மாவின் முகத்தில் நிலைத்து, லேசாக அதிர்ந்தது. சீரான இடைவெளியில் மறுபடி மறுபடி அதிர்ந்தது. என் நெஞ்சுத் துடிப்பு தோள் வழியாகக் கேமராவில் ஏறியிருந்தது. "இன்னொரு தடவை எடுத்திடலாம் சார்" என்றேன்.

"வேண்டாம். செத்தவன்கிட்ட மிச்சமிருக்கிறது அது ஒண்ணுதான்."

படத்தில் அது அப்படியே இருக்கிறது. லென்ஸுக்குப் பின்னால் நெஞ்சு துடிக்கிற ஒரு ஆள் இருந்தால்தான் அது ஒளிப்பதிவு என்ற எண்ணம் அன்றைக்கு என்னுள் விழுந்தது. ஓய்வு பெற்று ஊருக்கு வரும் வரை அதை நான் சந்தேகப்பட்டதில்லை.

இந்தப் பக்கத்துத் திரைப்பட அமைப்பு ஒன்று விருதுக் குழுவுக்கு என்னை அழைத்தது அதற்குப் பிறகு. குழுவில் மூன்று பேர். தலைவர் ஞானதாஸ், படத்தொகுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்து லலிதா டீச்சர், கல்லூரியில் சினிமா பற்றிப் பாடம் எடுக்கிறவர். மூன்றாவது ஆள் நான். ஒளிப்பதிவுப் பிரிவுக்கு வந்த படங்களில் ஒன்று அனிமேஷன்.

ஒரு காலைப்பொழுதில் அதைப் போட்டுப் பார்த்தோம். கடற்கரை ஊரில் ஒரு சிறுமி, திரும்பி வராத அப்பாவின் வள்ளத்தைத் தேடிப் போகிற கதை. வெளிச்சம் அருமையாக இருந்தது. அருமை என்று மனதில் சொல்லிக்கொண்டே, இதில் யாருக்கு வேர்த்தது என்றும் கேட்டுக்கொண்டேன்.

பாதிப் படத்தில் சிறுமி கரையோரம் ஓடுகிறாள். கேமரா பின்னாலேயே போகிறது. பாறைக்கூட்டம் வருகிறது. சிறுமி ஓடிச் சட்டகத்தை விட்டு வெளியேறிவிடுகிறாள். கேமரா போகவில்லை. பாறையைப் பார்த்தபடி நின்றுவிடுகிறது. பாறையின் நுனியில் ஒரு பெண், கடலைப் பார்த்து நிற்கிறாள். நல்ல காற்று. புல் சாய்கிறது, அலை நுரைக்கிறது. அவளுடைய சேலை மட்டும் அசையவில்லை.

"கொஞ்சம் பின்னால போடுங்க" என்றேன்.

போட்டார்கள். மூவரும் பார்த்தோம். "ஆமா, ஒரு பொம்பள நிக்காளே" என்றார் ஞானதாஸ். கதையில் அப்படி ஒரு பாத்திரம் இல்லை. முன்னும் இல்லை, பின்னும் வரவில்லை.

படம் முடிந்ததும் ஞானதாஸ் நேராக விஷயத்துக்கு வந்தார். "கேமரா இல்ல. லென்ஸ் இல்ல. வெயிலு இல்ல, மழை இல்ல. பெறவு என்னத்த ஒளிப்பதிவு? அதுக்கு அனிமேஷன் விருதுன்னு தனியாட்டு உண்டுல்லா, அதக் குடுப்போம்."

"எங்கேருந்து பாக்கணும், வெளிச்சம் எங்கேருந்து வரணும்னு ஒருத்தர் தீர்மானிச்சிருக்காங்க. அதுதானே அந்த வேலை?" என்றார் லலிதா டீச்சர்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஞானதாஸின் பக்கம்தான் என் மனம். ஆனால் அந்தப் பெண் யார் என்று தெரியாமல் கை தூக்க முடியவில்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

படத்தின் முடிவில் ஒளிப்பதிவு என்று ஷம்லா என்ற பெயர் வந்திருந்தது. விசாரித்து எண்ணை வாங்கிப் பேசினேன். தேங்காப்பட்டணத்துப் பெண், திருவனந்தபுரத்தில் ஒரு ஸ்டுடியோவில் வேலை.

"அந்தப் பாறை மேல நிக்கிய பொம்பள யாரும்மா?"

"எந்தப் பொம்பள சார்?"

மறுநாளே பஸ் ஏறிப் போனேன். ஸ்டுடியோ என்றால் ஒரு வெறும் கூடம். தளவாடம் ஒன்றும் இல்லை, சுவர் முழுக்கச் சாம்பல் வண்ணம். நடுவில் ஷம்லா, கையில் இரண்டு பிடி வைத்த ஒரு இரும்புச் சட்டத்தோடு நடந்துகொண்டிருந்தாள். சட்டத்தில் ஒரு சின்னத் திரை. முப்பதைத் தாண்டிய பெண், தலையை மூடிய தட்டம், காலில் செருப்பில்லை. வெறும் தரையில் நடந்து வந்தவள் ஓரிடத்தில் காலைத் தூக்கி எதையோ தாண்டினாள். அடுத்து தலையைக் குனிந்து எதற்குள்ளோ நுழைந்தாள். டீ கொண்டு வந்தவரும் அதே இடத்தில் ஒதுங்கிச் சுற்றிப் போனார். அங்கே ஒன்றுமே இல்லை.

"அங்க வாசல்படி கெடக்கு சார்" என்று சிரித்தாள். "இதப் பிடிச்சுப் பாருங்க."

வாங்கினேன். நல்ல எடை. சின்னத் திரையில் ஒரு குடிசையின் உட்புறம் தெரிந்தது. உள்ளே ஆறேழு பேர், என்னைப் பார்த்து நின்றார்கள். கண் சிமிட்டவில்லை, மார்பு ஏறி இறங்கவில்லை. நான் நகர்ந்தால் அறை நகர்ந்தது; இதை ஏந்தி நடப்பதுதான் கணினிப் படத்துக்குக் கேமரா. பழக்கத்தில் மறு கண்ணையும் திறந்து வைத்திருந்தேன். அதில் வெறும் கூடம். ஒரு கண்ணுக்கு ஆள் நிறைந்த வீடு, மறு கண்ணுக்கு யாருமில்லாத தரை. அந்தச் சின்னத் திரையில் படம் லேசாக அதிர்ந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அதே சீரான அதிர்வு. என் நெஞ்சுதான்.

சட்டத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

பிறகு பாறைக் காட்சியைத் திறந்தோம். படத்துக்கு வெளிச்சம் அமைத்தவர் பினு. அவர்தான் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். "நாங்க ஆளு யாரையும் வைக்கல சார். நோக்கலாம்" என்று ஒவ்வொன்றாக அணைத்தார். சிறுமி போனாள். புல் போனது. கடல் போனது. வானம் போய்ப் பின்னால் கறுப்பு மட்டும் மிஞ்சியது. அந்தப் பெண் அப்போதும் நின்றாள். பினு எங்களைத் திரும்பிப் பார்த்தார். மிச்சமிருந்தது பாறை மட்டும்தான். அதையும் அணைத்தார். அவளும் போய்விட்டாள். மறுபடி பாறையைப் போட்டார். வந்தாள்.

"பாறைக்கக் கூடயாக்கும் அவ வாறா" என்றாள் ஷம்லா, குரல் இறங்கி.

கிட்டே போய்ப் பார்த்தோம். அவளுடைய பாதத்துக்கும் பாறைக்கும் நடுவே கோடு இல்லை. கல்லே கால்களாக எழுந்து, சேலையாக மடிந்து, தோளாகி, முகமாகியிருந்தது. முகத்தில் கண், மூக்கு எல்லாம் இருந்தன, அலையில் தேய்ந்த சிலைக்கு இருப்பது போல.

காரணத்தைப் பினு சொன்னார். அந்தப் பாறைக்கூட்டம் வரைந்ததல்ல. குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவில் உள்ள ஒரு கரையில் நிஜப் பாறைகளை டிரோன் பறக்கவிட்டுச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து, அந்தப் படங்களைக் கணினியிடம் கொடுத்திருக்கிறார்கள்; அது அப்படியே பாறையைச் செய்து தரும். நடமாடுகிற ஆட்களையும் பறக்கிற காக்கையையும் அதுவே நீக்கிவிடும். அசையாததெல்லாம் அதற்குப் பாறை. "அவ்வளவு நேரமும் ஒராளு அசையாம நின்னிருக்கணும் சார்."

"ஷாட் எடுக்கும்போ இவ ஒனக்குத் தெரிஞ்சாளா?" என்று ஷம்லாவிடம் கேட்டேன்.

"இல்ல சார். சின்னத் திரையில பாறை வெறும் சாம்பக் கட்டியாட்டுதான் தெரியும். உருவமெல்லாம் பெறவு வரியது. அந்தப் பிள்ளைக்க பின்னாலயே போவணும்னாக்கும் பேச்சு. அந்த எடத்துல எனக்க கை நின்னுபோச்சு. ஏன்னு எனக்கே தெரியல்ல. டைரக்டரு நல்லாருக்குன்னு அதையே வச்சுக்கிட்டாரு."

விஷயம் இயக்குநருக்குப் போனது. அவர் போனில் பேசியது எனக்கும் கேட்டது. முன்பின் தெரியாத ஒரு ஆளின் உருவம், அனுமதி வாங்கவில்லை, நாளைக்கு வழக்கு வரும், சத்தமில்லாமல் அழித்துவிடுங்கள். போட்டியில் இருக்கும் படத்தை இதனாலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயமும் அவருக்கு இருந்தது.

"அழிக்க மாட்டேன்" என்றாள் ஷம்லா. "யாருன்னு கேக்காம எப்டி அழிக்கியது? சம்மதம் இல்லன்னு அவங்க சொல்லட்டு, நானே அழிக்கேன்." அந்தப் பக்கம் சத்தம் கூடியது. வேலையை விட்டுப் போ என்றே சொல்லிவிட்டார். ஆனாலும் போனை வைத்துவிட்டு, "நீங்க கூட வருவியளா சார்? அந்தக் கரையில எனக்கு ஆரையும் தெரியாது" என்றாள்.

போனோம். தேடவே வேண்டியிருக்கவில்லை. வலை தைத்துக்கொண்டிருந்தவரிடம் கையோடு கொண்டுபோன மடிக்கணினியில் காட்சியைக் காட்டியதும், "இது நம்ம பிரகாசியம்மால்லா" என்றார். அவர் சொன்னது இது: அந்த அம்மாவின் மகன் ஒரு புயல் சமயத்தில் கடலுக்குப் போனவன். உடல் கிடைக்கவில்லை. கோயிலில் பூசை வைத்து, பெட்டி இல்லாமலே அடக்கச் சடங்கும் நடத்திவிட்டார்கள். அந்த அம்மா மட்டும் அதற்கு வரவில்லை. அன்றிலிருந்து தினமும் மத்தியானம் கழிந்ததும் பாறையில் போய் நிற்கிறார்.

வீட்டு முற்றத்தில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எழுபது வயது இருக்கும். படத்தில் தேய்ந்திருந்த முகம்தான், இங்கே கண்ணும் சுருக்கமுமாக. ஷம்லா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். டிரோன் என்றதும் அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"வண்டு கணக்கா மூளிக்கிட்டு ஒண்ணு வந்துது. எனக்க மொவனத் தேட கெவர்மெண்டு விட்ட மெசினாக்கும்னு நெனச்சேன். எனக்க மொவனுக்கு எனக்க அதே முகம் மக்களே, பாத்தவியெல்லாம் சொல்லுவாவ. அந்த மெசினு எனக்க முகத்த நல்லாப் பாத்து வச்சுக்கிட்டுதுன்னா, அவனக் கண்டா அடையாளம் தெரியுமில்லா? அதுக்காட்டுதான் அசையாம நின்னேன். முட்டு நடுங்கிச்சு. ஆனாலும் அசையல்ல."

ஷம்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கணினியைத் திறந்து காட்சியைக் காட்டினேன். அந்த அம்மா குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தன் முகத்தைப் பார்த்தது போல இல்லை, பக்கத்து வீட்டுக்காரியைப் பார்ப்பது போல.

"இவ கடலையா பாக்கா?"

"ஆமாம்மா."

"மழ வந்தா?"

"அங்க மழ வராது."

"ராத்திரி ஆனா வீட்டுக்குப் போவாளா?"

"போவ மாட்டா" என்றாள் ஷம்லா. "ஒங்களுக்கு வேண்டாம்னா எடுத்திரலாம்மா. இப்பமே எடுத்திருவேன்."

"எடுக்காண்டாம், நிக்கட்டு. எனக்கு முட்டு ஏலாது மக்களே. இனி அவ பாத்துக்கிடுவா."

காயப்போட்ட மீனிடம் திரும்பிப் போய்விட்டார்.

குழு மறுபடி கூடியபோது நடந்ததையெல்லாம் சொன்னேன். ஞானதாஸ் மசியவில்லை. அவர் கேட்டதில் நியாயமும் இருந்தது. "கேமரா மாதிரி ஒண்ணப் பிடிச்சது அந்தப் பெண்ணு. வெளிச்சம் போட்டது பினு. விருதை ஆருக்க கையில குடுக்கியது?"

"ரெண்டு பேருக்க கையிலயும் குடுப்போம். நம்ம காலத்துல மட்டும் லைட்ட நாமளா சுமந்தோம்?"

"அந்தப் பொம்பள அங்க நின்னதே தற்செயலு. அத ஆரும் வைக்கல்லியே."

"வைக்கல்ல. ஆனா அவளுக்க முன்னால போய் நின்னது ஒருத்திக்க கை. அந்த நிப்புதான் நம்ம தொழிலு அண்ணாச்சி."

சேர்க்கலாம் என்று இரண்டு கை, வேண்டாம் என்று ஒரு கை. அப்படித்தான் அந்தப் படம் பட்டியலுக்குள் வந்தது. விருது கடைசியில் வேறொரு படத்துக்குப் போனது. அதற்கும் தகுதி இருந்தது. ஷம்லாவுக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். வேலை போகவில்லை, சம்மதம் கிடைத்துவிட்டதால் இயக்குநரும் அடங்கிவிட்டார்.

சில வாரம் கழிந்து அந்தக் கரைப் பக்கம் போக நேர்ந்தது. பாறை வெறுமையாக இருந்தது. பிரகாசியம்மா இப்போதெல்லாம் வருவதில்லை என்றார்கள். நன்றாயிற்று என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

போன மாதம் ஷம்லா பேசினாள். அன்று கரையிலிருந்து கிளம்பும்போது அந்த அம்மாவிடம் தன் போன் எண்ணைக் கொடுத்திருக்கிறாள். அன்றிலிருந்து தினமும் மத்தியானம் கழிந்து ஒரு அழைப்பு வருமாம். கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "மக்களே, அவ நிக்காளா?" ஷம்லா காட்சியைத் திறந்து பார்த்துவிட்டு, "நிக்காம்மா" என்பாளாம். உடனே அந்தப் பக்கம் போனை வைத்துவிடுவார்களாம்.

"போன வாரம் நான் பஸ்ஸுல நின்னுக்கிட்டு வந்தேன் சார், ஒரே கூட்டம். போன் வந்துது. அங்க என்ன மாறப்போவுதுன்னு, பாக்காமலே 'நிக்காம்மா'ன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"போனை வைக்கல்ல. பெறவு, 'நீ பாக்கல்ல மக்களே. பாத்துட்டுச் சொல்லு, நான் பிடிச்சுக்கிட்டு நிக்கேன்'னு சொன்னாவ."

"நீ என்ன செய்தே?"

"அடுத்த ஸ்டாப்புலயே எறங்கிட்டேன் சார். ரோட்டோரத்துல உக்காந்து, பையில இருந்த கம்ப்யூட்டர எடுத்துத் திறந்து பாத்தேன்."

"நின்னாளா?"

"நின்னா" என்றாள். பிறகு, "நல்லாப் பாத்துட்டுதான் சொல்லுகேன் சார்" என்று சேர்த்துச் சொன்னாள்.